எத்தனை சென்டிமீட்டர் வரை தரை?

தானோட்டிக் கார்களின் அறம் பற்றிப் பேச்செடுத்தால் விபத்தைத் தவிர்க்கவே முடியாதபோது ஐந்து பேரைக் காப்பதா, ஒருவரைக் காப்பதா என்ற கேள்வியில்தான் வந்து நிற்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் நடத்திய இணைய ஆய்வு ஒன்றில் அதற்கு ஏறக்குறைய 4 கோடி பதில்கள் சேர்ந்தன. முடிவுகள் 2018-ல் வெளிவந்தன. இந்தக் கார்களின் சென்சார் பதிவுகளோடு வேலை செய்பவர்களுக்கு அந்தக் கேள்வி அநேகமாக எதிர்ப்படுவதே இல்லை. எதிர்ப்படுவது வேறொன்று: எதைத் தரை என்று கழித்துவிடுவது?

லேசர் ஒளியால் தூரம் அளக்கும் சென்சாரான லைடார் நொடிக்கு லட்சக்கணக்கான புள்ளிகளைத் தருகிறது. அதில் பெரும்பகுதி சாலைப் பரப்பு. முதல் வேலை, அந்தத் தரைப் புள்ளிகளைப் பிரித்துத் தள்ளுவது. எளிய முறையில், இத்தனை சென்டிமீட்டருக்குக் கீழே உள்ளதெல்லாம் தரை என்று ஒரு வரம்பு வைப்பார்கள். குறுவை அறுவடையின்போது மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் சாலையில் காயும் நெல் 5 செ.மீ. கனம்கூட இருக்காது. அது தரையில் சேர்ந்துவிட்டால் உயிருக்குப் பாதகமில்லை. நெல்லைச் சுற்றி வைக்கும் கல் 15, 20 செ.மீ. இருக்கும். ராத்திரி அந்த நெல்லுக்குக் காவலாகப் போர்வையை இழுத்து மூடிப் படுத்திருப்பவர் 25 செ.மீ. உயரம் வந்தால் அதிகம். வரம்பு 30 என்றால் அவர் மனிதரா, மூட்டையா என்ற கேள்விகூட எழாது. கணக்குக்குள்ளேயே அவர் வரவில்லை.

சரி, 10 என்று வைத்தால்? வைக்கோல் பிரி, தார்ப்பாய் மடிப்பு, டிராக்டரின் கேஜ் வீல் என்ற இரும்புச் சக்கரம் உதிர்த்துப்போன சேற்றுக்கட்டி எல்லாமே தடையாகிவிடும். இல்லாத ஆபத்துக்குக் கார் பிரேக் போடும். ஒட்டிக்கொண்டு வரும் மினி பஸ் பின்னால் இடிக்கும். இந்த இரண்டு தீங்குகளில் எதை எவ்வளவு ஏற்பது என்பதுதான் உண்மையான அறக் கேள்வி. அதற்கான பதில் ஓர் எண்ணாக எங்கோ ஓர் அலுவலகத்தில் முடிவாகிறது; சாலையில் படுத்திருப்பவரை யாரும் கேட்பதில்லை.

ரேடார் கைகொடுக்குமே என்பார்கள். 77 கிகாஹெர்ட்ஸ் ரேடார் ஓடும் வண்டியைப் பிடிப்பதில் கெட்டி. மதகுச் சுவர், மைல்கல், பெயர்ப்பலகை எல்லாமே எதிரொலி தருவதால், அசையாதவற்றைப் பொருட்படுத்தாதபடிதான் பல அமைப்புகளைச் செய்திருக்கிறார்கள். அப்போது கொள்முதல் நிலைய வாசலில் சாலைவரை அடுக்கிய மூட்டைகளும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிடுகின்றன. மிச்சம் கேமரா. அது பழகிய படங்களைப் பொறுத்தது. ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி. வெளியிட்ட இந்தியச் சாலைத் தொகுப்பில் 10,000 படங்கள், 34 வகைகள். ஆட்டோவுக்குத் தனி வகை உண்டு. நல்ல தொகுப்பு. ஆனால் பெரும்பாலும் ஹைதராபாத், பெங்களூருப் பக்கத்துச் சாலைகள். சாலையை அடைத்து வரும் வாத்துக் கூட்டத்தையும் அறுவடை இயந்திரத்தையும் இங்கேதான் படமெடுக்க வேண்டும்.

வகை தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2018 மார்ச் 18 சாட்சி. அமெரிக்காவின் டெம்பி நகரில் இரவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண் ஊபரின் சோதனைக் கார் மோதி இறந்தார். மோதுவதற்கு 5.6 நொடி முன்பே சென்சார் அவரைப் பார்த்துவிட்டது. அடையாளம் தெரியாத பொருள், வாகனம், சைக்கிள் என்று மென்பொருள் வகையை மாற்றிக்கொண்டே இருந்தது. மாற்றும்போதெல்லாம் அவர் எந்தத் திசையில் போகிறார் என்ற பழைய கணக்கு அழிந்தது. ஆகஸ்ட் கடைசியில் காவி உடுத்தி, சிறு சப்பரத்தை இழுத்துக்கொண்டு, இருட்டில் வேளாங்கண்ணிக்கு நடக்கும் கூட்டத்தை அந்த மென்பொருள் என்னவென்று எழுதியிருக்கும்?

இதற்குப் பிறகும் 'ஆபத்தென்றால் ஓரமாக நிறுத்து' என்று விதி எழுதுவது எளிது. 2023 அக்டோபர் 2 அன்று சான் பிரான்சிஸ்கோவில், வேறொரு கார் மோதித் தன் முன்னே வந்து விழுந்த பெண்ணை குரூஸ் நிறுவனத்தின் ஓட்டுநர் இல்லாத கார் இடித்து நின்றது. பிறகு ஓரங்கட்டப் போய், அடியில் சிக்கியிருந்தவரைச் சுமார் 6 மீட்டர் இழுத்துச் சென்றது. வெண்ணாற்றங்கரைச் சாலையிலோ ஓரமே கிடையாது. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் நெல். தானாகத் தடம் பிடித்து ஓட்டும் வசதிக்கான ஐ.நா.வின் 157-ஆம் விதிமுறை, காரால் சமாளிக்க முடியாதபோது ஓட்டுநரைக் கூப்பிட்டுக் குறைந்தது 10 நொடி காத்திருக்கச் சொல்கிறது. 60 கி.மீ. வேகத்தில் அது 167 மீட்டர். அதே விதிமுறை, நடப்பவர்களும் சைக்கிளும் வரக்கூடாத, நடுத்தடுப்புள்ள சாலையில்தான் இந்த வசதியை இயக்கலாம் என்கிறது. இங்கே நான்குவழிச் சாலையிலும் சைக்கிள் போகத்தான் செய்கிறது.

ஓட்டுநர் இல்லாத கார் இந்தியாவுக்கு வராது, வேலை போகும் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி சொல்லியிருக்கிறார். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் பாதி தானே ஓட்டும் கார் ஏற்கெனவே விற்பனையில் இருக்கிறது. இடது பாதியில் நெல் கிடக்க, இண்டிகேட்டர் போடாமல் வலப்புறம் ஒதுங்கினால், தடம் காக்கும் அமைப்பு ஸ்டியரிங்கை மறுபடி கல்லை நோக்கித் திருப்பப் பார்க்கும். அறுவடைக் காலத்தில் அதை மட்டும் அணைத்துவிடுங்கள். தானியங்கி பிரேக்கை அணைக்க வேண்டாம். ஈர வைக்கோலில் டயரின் பிடிப்பு பாதியானால், 20 மீட்டரில் நிற்க வேண்டிய வண்டி 40 மீட்டர் போகும். எந்த மென்பொருளாலும் அதைக் குறைக்க முடியாது. வேகத்தைத்தான் குறைக்க வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த 2பி பிரிவு, புதுமையை ஊக்குவிக்கச் சில வாகனங்களுக்கு விலக்களிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. விலக்கு தரும்போது நிபந்தனையும் வேண்டும். மாநிலம் முழுக்க ஒரே அனுமதி கூடாது. ஜெர்மனியின் 2021 சட்டத்தில் உள்ளதுபோல, இயங்கும் பகுதியைக் குறித்து அனுமதி தர வேண்டும். இங்கே அதோடு பருவத்தையும் குறிக்க வேண்டும். தரை வரம்பு போன்ற எண்களை அனுமதி தருபவரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்டேட்டில் அவை மாறினால் மறுபடி சோதனை. விபத்து நடந்தால் போலீஸ் 48 மணி நேரத்தில் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பும் முதல் அறிக்கையில், அந்த நொடி ஓட்டியது யார், மென்பொருளின் பதிப்பு எது என்ற இரண்டும் ஏற வேண்டும். பதிவை எடுத்துக் கொடுப்பது நிறுவனத்தின் கடமையாக இருக்க வேண்டும். இறந்தவரின் குடும்பம் அதற்கு மனுப்போட்டு அலையக் கூடாது.