கோடு போடாத முக்கோணி

பல்கலைக்கழகத்தில் மானிடவியல் முதலாம் வருடத்தில் மானிடக் கூர்ப்பு, அதாவது மனிதப் பரிணாமம், படித்தபோது மண்டையோடுகள் என்னை அவ்வளவாக ஈர்க்கவில்லை. பல், புருவமேடு, மூளையின் கொள்ளளவு என்று கொப்பி நிறைய எழுதினேன். பரீட்சையோடு பாதி மறந்துபோனது. மறக்காமல் நிற்பவை லேற்றோலிக் கால்தடங்கள். தன்சானியாவின் லேற்றோலி என்ற இடத்தில் 1978இல் தொல்மானிடவியலாளர் மேரி லீக்கியின் குழுவினர் கண்டெடுத்தவை. எரிமலைச் சாம்பல் படிந்து, மழையில் நனைந்து கிடந்த நிலத்தில் சிலர் நடந்து போயிருக்கிறார்கள். சாம்பல் இறுகித் தடம் அப்படியே நின்றுவிட்டது. வயது 36 இலட்சம் வருடங்களுக்கு மேல். அதிலும் ஒருவர் பதித்த தடத்துக்குள்ளேயே இன்னொருவர் கால்வைத்து நடந்திருக்கிறார்.

அந்த விடுமுறைக்குத் திருகோணமலைக்கு வந்ததும் விடியவெள்ளன டச் பே கடற்கரைக்குப் போய் ஈரமணலில் நடந்து பார்த்தேன். முதலில் குதி ஆழப் பதிகிறது. பாதத்தின் வளைவு மணலை லேசாகத் தொட்டுப் போகிறது. கடைசியில் பெருவிரல் மணலைப் பின்னுக்குத் தள்ளுகிறது. சிம்பன்சியின் பெருவிரல் நம் கைக்கட்டைவிரல் மாதிரி விலகி நிற்கும். லேற்றோலியில் அது மற்ற விரல்களோடு சேர்ந்து முன்னுக்குப் பார்க்கிறது. மூளை பெருப்பதற்கு வெகுகாலம் முன்பே நிமிர்ந்து நடந்துவிட்டோம் என்று விரிவுரையில் சொன்னது எனக்கு அந்த மணலில்தான் விளங்கியது.

இரண்டாம் வருடம் உறவுமுறை. நான்கு தலைமுறைக்கு வம்சவரைபடம் கீறிக்கொண்டு வரச் சொன்னார்கள். ஆணுக்கு முக்கோணி, பெண்ணுக்கு வட்டம், கலியாணத்துக்குச் சமன் குறி, இறந்தவருக்குக் குறுக்கே ஒரு சாய்கோடு. உப்புவெளியில் அம்மம்மா விறாந்தையில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கொப்பியோடு உட்கார்ந்தேன்.

மோர்கன் என்ற அமெரிக்க வழக்கறிஞரைப் பற்றி அவருக்குச் சொன்னேன். மோர்கன் வட அமெரிக்காவின் செனெக்காப் பழங்குடியினரின் உறவுமுறையைப் படித்தவர். அப்பாவின் சகோதரனும் அவர்களுக்கு அப்பாதான், அவர் பிள்ளைகள் சகோதரங்கள், மாமாவின் பிள்ளைகள் வேறு வகை. பிறகு உலகம் முழுக்கக் கேள்விப் பட்டியல் அனுப்பியபோது தமிழிலிருந்து போன பதிலிலும் அதே ஒழுங்கு இருந்ததைக் கண்டு வியந்துபோனார். 1871இல் வந்த அவருடைய பெரிய நூலில் நம் பெரியப்பாவும் மச்சாளும் இருக்கிறார்கள். அம்மம்மா கை நிறுத்தாமல் கேட்டார்: “மாமான்ர பிள்ளை மச்சாள் இல்லாம வேற என்ன பிள்ளை?”

பெயர்கள் மளமளவென்று வந்தன. சாய்கோடுகளும்தான். 2004 சுனாமிக்கு மட்டும் மூன்று. எனக்குக் கை கூசியது. அம்மம்மாதான் “போடு, போடு” என்றார்.

சின்ன மாமாவிடம் வந்தபோது பேனையை உயர்த்தினேன். 1990இல் சைக்கிளில் வெளிக்கிட்டுப் போனவர், இன்றுவரை வரவில்லை. அம்மம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். முருங்கையிலை ஒட்டியிருந்த ஈரக்கை. “அவனுக்குப் போடாத.”

சரி என்று விட்டுவிட்டேன். ஆனால் அந்தக் குறியீட்டில் இருப்பவர், இறந்தவர் என்று இரண்டே வகைதான். உறவுகளைக் கேட்டு வம்சவரைபடம் தயாரிக்கும் இந்த முறையை வகுத்தவர் ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய மானிடவியலாளர். நீலகிரியில் தோடர்களிடம் இதே வேலையைச் செய்தபோது, இறந்த மூதாதையரின் பெயரைச் சொல்லக்கூடாது என்ற வழக்கம் அவருக்குப் பெரிய தடையாக இருந்தது. வகுப்பில் அதை ஒரு தகவலாக மட்டும் குறித்துக்கொண்டேன். ஒரு பெயரைக் கேட்பது எவ்வளவு பாரமான காரியம் என்று அம்மம்மாவின் கை என் மணிக்கட்டில் இருந்தபோதுதான் உணர்ந்தேன்.

விரிவுரையாளரிடம் போய்க் கேட்டேன். தாளைக் கனநேரம் பார்த்தார். “அவர் சொன்னபடியே இருக்கட்டும், ஓரத்தில் காரணத்தை எழுதுங்கோ” என்றார். எழுதினேன்.

நல்ல தாளில் திரும்பக் கீறுவதற்கு முன் அம்மம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு வந்து சின்ன மாமாவில் நின்றார். அந்த முக்கோணிக்கு ஒட்டினாற்போல் அடுத்த வட்டத்தைக் கீறியிருந்தேன்.

“இவனுக்குப் பக்கத்தில கொஞ்சம் இடம் விடு பிள்ள. கலியாணம் கட்டியிருப்பான்.”

புதுத் தாளில் ஒரு சமன் குறிக்கும் ஒரு வட்டத்துக்கும், கீழே இரண்டு மூன்று பிள்ளைகளுக்கும் காணுமான இடம் விட்டுக் கீறினேன்.