ஃபோர்க்கின் சாய்வு

இன்று செங்குத்தான பாறைச் சரிவில் நண்பரின் புது மவுண்டன் பைக்கில், அதாவது மலைப்பாதை சைக்கிளில், இறங்கினேன். என் பழைய வண்டி முன்னால் தூக்கி எறியப் பார்க்கும் அதே இடம். இது ஆட்டமே இல்லாமல் இறங்கியது.

கீழே வந்ததும் குனிந்து, முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் சாய்ந்திருக்கும் கோணத்தைத்தான் பார்த்தேன். இதற்குப் பெயர் ஹெட் ஆங்கிள். தரையிலிருந்து அளப்பது; எண் குறையக் குறைய சாய்வு அதிகம்.

1990-களில் இது 71 டிகிரி வாக்கில் இருந்தது. காட்டுப் பாதைகளில் ஏறி இறங்கும் இன்றைய ட்ரெயில் பைக்குகளில் 65 வாக்கில். அந்தச் சாய்வில் முன் சக்கரம் ஓட்டுபவரை விட்டு நன்றாக முன்னே போய்விடுகிறது. கல்லில் மோதினாலும் உடல் ஹேண்டில்பாருக்கு மேலே எளிதில் கவிழ்வதில்லை.

இதற்கு ஒரு விலையும் உண்டு. மெதுவாக மேடு ஏறும்போது முன் சக்கரம் அலையும். அதனால்தான் இருக்கையைத் தாங்கும் குழாயான சீட் ட்யூபை நிமிர்த்தி எடையை முன்னால் கொண்டுவருகிறார்கள்.

வண்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் இந்தக் கோணங்களைச் சொல்லும் ஜியோமெட்ரி அட்டவணையைக் கேளுங்கள். ஃப்ரேம் கார்பனா அலுமினியமா என்பதெல்லாம் அப்புறம்.