பங்குனித் தீனியை மார்கழியில் போட்டேன்

குலசேகரம் பக்கம் எங்கள் வீட்டைச் சுற்றி ரப்பர்தான். மரம் வளர்ந்து நிழல் மூடிவிட்டால் அடியில் புல் முளைக்காது, மாடு மேய இடமும் இல்லை. கறிக்கு வளர்க்கும் நாலு போத்துக்குட்டிகளுக்கும் (எருமைக் கடாக்குட்டிகள்) தொழுவத்தில் வைத்துத்தான் தீனி.

மழை உள்ளவரை 10 சென்டில் போட்ட கோ 4 என்ற நேப்பியர் வகைத் தீவனப்புல்லே போதும். மாசி, பங்குனியில் புல் நின்றுவிடும். நாஞ்சில் நாட்டில் கும்பப்பூ நெல் அறுப்பு நடந்தாலும் எங்கள் மேட்டுக்கு வைக்கோல் வந்து சேர வண்டிக்கூலி ஏறிவிடும். போன வருடம் ஒரு உருண்டைக் கட்டு 300 ரூபாய். தூக்கினால் 15 கிலோ தேறாது. ஈஸ்டருக்கு விற்க வேண்டிய நேரத்தில்தான் குட்டிகள் மெலிந்தன. மனசு கேட்கவில்லை.

கனடாவில் மாட்டுப் பண்ணையில் வேலை பார்க்கும் அக்கா மகன் போனில் சொன்னான்: "மாமா, இங்க குளிர்காலம் தாண்ட ஒரு பசுவுக்கு ரெண்டு, ரெண்டரை டன் காய்ஞ்ச புல் வேணும். எல்லாத்தையும் கோடையிலயே அறுத்து உருட்டி வச்சிருவாங்க. பனி விழுந்தபிறகு விலைக்கு வாங்கினா கட்டாது." நமக்குப் பனி இல்லை, பங்குனி இருக்கிறதே என்று அப்போதுதான் உறைத்தது.

ஐப்பசியில் ஊறுகாய்ப்புல் போட்டேன், அதாவது பச்சைப்புல்லைக் காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்க வைப்பது. அவசரம். மழையில் நனைந்த புல்லை அப்படியே நறுக்கி பீப்பாயில் அமுக்கிவிட்டேன். திறந்தபோது கருத்து, வழவழவென்று, கெட்ட வெண்ணெய் நாற்றம். மூன்று பீப்பாயும் எருக்குழிக்குப் போனது.

மார்கழியில் வெயில் கண்டதும் மறுபடி இறங்கினேன். வெட்டிய புல்லை ஒரு நாள் வாட விட்டேன். ஓரங்குல நீளத்தில் நறுக்கி, ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பார்ப்பேன்: விரலிடுக்கில் தண்ணீர் வந்தால் இன்னும் வாட வேண்டும், கையை விரித்ததும் உருண்டை மெல்ல அவிழ்ந்தால் சரி. இந்தப் பிடிப் பதம்தான் எல்லாம். நேப்பியர் வகைப் புல்லில் இனிப்பு குறைவு, அதனால் 100 கிலோவுக்கு 2 கிலோ மொலாசஸ் (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு), அரை கிலோ உப்பு. அடுக்கடுக்காகப் போட்டு மிதித்து, காற்றுப் புகாமல் மூடினேன். 200 லிட்டர் பீப்பாய் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 100 கிலோ பிடித்தது.

45 நாள் பொறுத்துத் திறந்தேன். மஞ்சள் கலந்த பச்சை, பழுத்த கொல்லாம்பழம் (முந்திரிப்பழம்) போலப் புளிப்பு வாசம். குட்டிகள் முதலில் முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பின. வைக்கோலோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து வைத்தேன், மூன்றாம் நாள் தொட்டியை நக்கிவிட்டன. தலைக்கு 5 கிலோ, கூடவே வைக்கோலும் புண்ணாக்கும். திறந்த பீப்பாய் ஐந்து நாளில் தீர்ந்துவிடும், கெட நேரமே இல்லை. ஒன்றில் மட்டும் மூடி சரியாகப் பொருந்தாமல் மேல்பக்கம் பூஞ்சை பிடித்திருந்தது. அதை வழித்துத் தூரப் போட்டேன், மாட்டுக்குக் காட்டவில்லை.

போன வருடம் 60 கட்டு வாங்கிய இடத்தில் இந்தத் தடவை 25 போதுமாக இருந்தது. ஈஸ்டருக்கு முந்தின வாரம் வியாபாரி வந்து முதுகைத் தடவிப் பார்த்தார், எலும்பு கைக்குத் தட்டவில்லை.