டீச்சர் காட்டிய மஸ்லான்

அறிவியல் டீச்சர் காலமாகிவிட்டார். கோலாலம்பூரின் செந்தூலில் அவரிடம் படித்த நாம் இன்று மெல்பர்ன், பெர்த், சிட்னி என்று சிதறிக் கிடக்கிறோம். சபைகூடலையும் சனிக்கிழமைப் புறப்பாடத்தையும் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். நான் எழுத நினைப்பது, டீச்சர் ஓயாமல் பேசிய ஒரு பெண்மணியைப் பற்றி.

1994இல் திறக்கப்பட்ட தேசியக் கோளரங்கத்துக்கு அவர் நம்மைப் பஸ்ஸில் அழைத்துப் போனாரே, அன்றுதான் அந்தப் பெயரை முதலில் கேட்டேன். "இது உருவாகப் பாடுபட்டவங்க சிரம்பான்ல பொறந்தவங்க, மஸ்லான் ஓத்மான்" என்றார். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் 1981இல் முனைவர் பட்டம் பெற்ற, மலேசியாவின் முதல் வானியற்பியலாளர். நாடு திரும்பி, தேசியப் பல்கலைக்கழகத்தில் அந்தப் பாடத்தை அவர்தான் உருவாக்கினார்.

"அங்கேயே இருந்திருக்கலாமே டீச்சர்?" என்று நம்மில் யாரோ கேட்டார்கள். டீச்சரின் முகம் மாறிவிட்டது. "இங்க இல்லாததைக் கொண்டுவரத்தானே படிச்சாங்க?"

பள்ளியை விட்ட பிறகும் டீச்சர் எனக்கு அந்தக் கதையைத் தொடர்ந்து சொல்லிவந்தார். மஸ்லான் 1999இல் வியன்னாவில் ஐ.நா. விண்வெளி அலுவலகத்தின் தலைவரானார். அப்போதைய பிரதமர் மகாதீர் கேட்டுக்கொண்டதால் அதை விட்டுவிட்டு 2002இல் வந்து, அங்காசா என்ற தேசிய விண்வெளி நிறுவனத்தின் முதல் தலைமை இயக்குநரானார். விண்வெளி வீரர் திட்டம் அவர் பொறுப்பில்தான் நடந்தது. 11,000 பேருக்கு மேல் விண்ணப்பித்து, கடைசி நால்வரில் ஒருவராக நம் தமிழ்ப் பெண் வனஜா வந்தபோது, பத்திரிகையில் வந்த படத்தை வெட்டித் தபாலில் அனுப்பினார் டீச்சர். 2007 அக்டோபர் 10 அன்று கஸகஸ்தானின் பைக்கோனூர் ஏவுதளத்திலிருந்து ரஷ்யாவின் சோயுஸ் விண்கலத்தில் போனவர் ஷேக் முஸாபர். வெறும் உல்லாசப் பயணம் என்று சிலர் குறை சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அத்தனை ஆயிரம் பேரை வானத்தை நோக்கி ஆசைப்பட வைத்ததே பெரிய காரியம்.

அப்புறம் மஸ்லான் மீண்டும் வியன்னா போய், 2014 வரை அங்கே இருந்தார். அந்த வருஷம் டீச்சர் போனில் கேட்டார்: "அவங்க வேலை முடிஞ்சிருச்சு. நீ எப்பப்பா வர்றே?"

"வீட்டுக் கடன் முடியட்டும் டீச்சர்."

"சரிப்பா, உடம்பைப் பார்த்துக்க."

இயற்பியல் படித்த நான் இங்கே ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். நல்ல வேலை, நல்ல வாழ்க்கை. அதற்கு அடித்தளம் போட்டவர் டீச்சர்தான். ஆனால் அவர் இருக்கும்போதே திரும்பிப் போய், அவர் பார்க்க, செந்தூல் பிள்ளைகளுக்கு ஒரு வருஷமாவது பாடம் சொல்லிக்கொடுத்திருக்கலாம். அந்த ஏக்கம் எனக்கு என்றும் இருக்கும்.