சிக்லிட் தொட்டிக்கு எந்த மணல்?

சிக்லிட் என்னும் தொட்டி மீன் வகையை வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் தரைக்குப் போடும் மணலை நிறம் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். அந்த மணலை மீன் நாள் முழுக்க வாயில் அள்ளப் போகிறது என்பது அப்போது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. முதலில் பார்க்க வேண்டியது மீனின் வாயை. அடுத்தது தண்ணீரின் தன்மை. நிறம் கடைசியில்தான்.

தென் அமெரிக்க ஜியோஃபேகஸை எடுத்துக்கொள்ளுங்கள். பெயருக்கே மண்ணுண்ணி என்றுதான் பொருள். தலையைச் சாய்த்து ஒரு வாய் மணலை அள்ளும், தாடை நாலைந்து முறை அசையும், உணவுத் துணுக்கு உள்ளே தங்கும், மணல் செவுள் வழியாகப் புகைபோல வெளியே கொட்டும். அந்த வழியில்தான் மென்மையான செவுள் இழைகள் இருக்கின்றன. கூரான மணல்மணி ஒவ்வொரு வாய்க்கும் அவற்றை உரசிக்கொண்டே போகும். மூன்று நான்கு மில்லிமீட்டர் சரளை போட்டால் மீன் அதை அள்ளிச் சலிப்பதையே விட்டுவிடும். தின்னாத உணவு கற்களின் இடுக்கில் இறங்கி அழுகி, தண்ணீரில் நைட்ரேட் என்ற கழிவு ஏறும். இந்த வகை மீனுக்கு அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரையுள்ள, முனை மழுங்கிய மணல்தான் சரி. ஒரு பிடி எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவே அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். குத்தினால் வேண்டாம். நீச்சல்குள ஃபில்டருக்குப் போடும் மணல் பல சமயம் இந்த அளவிலேயே கிடைக்கும். உலோகம் சுரண்டப் பயன்படும் கறுப்புக் கசடு மணல் பார்க்க அழகுதான், ஆனால் உடைந்த கண்ணாடி போலக் கூரானது. தொட்டிப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியில் நத்தைக்கூட்டில் வாழும் சிக்லிட்கள் உடலால் சிறியவை, ஆனால் ஓயாமல் தோண்டுபவை. காலி நத்தைக்கூடுகளைச் சுற்றிப் பறித்துப் புதைத்து வைக்கும். அவற்றுக்கு மட்டும் ஐந்து சென்டிமீட்டர் ஆழம் கொடுக்கலாம். அதே ஆப்பிரிக்காவில் மலாவி ஏரியின் எம்பூனாக்கள் பாறையில் பாசி சுரண்டித் தின்பவை, மணலைச் சலித்துப் பிழைப்பவை அல்ல. அவற்றுக்கு இரண்டரையிலிருந்து நான்கு சென்டிமீட்டர் போதும், மணி கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் பாதகமில்லை.

அடுத்து தண்ணீர். மலாவி, டாங்கனிக்கா இரண்டும் கடினமான காரநீர் ஏரிகள். மலாவியில் பிஎச், அதாவது அமில-கார அளவு, சுமார் 7.7 முதல் 8.6 வரை, டாங்கனிக்காவில் 9-ஐ ஒட்டியும் போகும். அதனால் அரகோனைட் மணல், பவளத்துகள் போடச் சொல்வார்கள். இவை கால்சியம் கார்பனேட். தண்ணீர் அமிலத்தன்மைக்கு இறங்கினால் கரைந்து அதைத் தூக்கிப் பிடிக்கும். ஆனால் பிஎச் 8.2-ஐ நெருங்கும்போது கரைவது ஏறக்குறைய நின்றுவிடும், அதற்கு மேல் ஏற்றாது. தரையில் கிடக்கும் பவளத்துகள் மேல் நாளடைவில் வழவழப்புப் படிந்து வேகமும் குறையும். என்னைக் கேட்டால் தரைக்குச் சாதாரண மணலைப் போட்டு, பவளத்துகளை வலைப்பையில் கட்டி ஃபில்டருக்குள் வைப்பதுதான் மேல். தண்ணீர் அதன் ஊடாக ஓடும், அலசுவது சுலபம், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். குழாய்த்தண்ணீரே கடினமாக இருந்தால் அதுவும் தேவையில்லை.

டிஸ்கஸ், ராம், அபிஸ்டோகிராமா ஆகிய தென் அமெரிக்கச் சிக்லிட்களை வளர்ப்பவர்களுக்கு இது தலைகீழ். அவற்றுக்கு மென்மையான நீர் வேண்டும். கிளிஞ்சல் கலந்த மணல் மெல்ல மெல்லத் தண்ணீரைக் கடினமாக்கிவிடும். உலர்ந்த மணல் ஒரு கரண்டி எடுத்து வினிகர் விட்டு, காது வைத்துக் கேளுங்கள். சன்னமாகச் சுர்ரென்று நுரைத்தால் கார்பனேட் இருக்கிறது. நீர்ச்செடி வளர்க்கும் தொட்டிக்கான மண் உருண்டைகள் ஆப்பிரிக்க ஏரி சிக்லிட்களுக்கு ஒத்துவராது. அவை பிஎச்சைக் குறைக்கும், தோண்டும் மீனிடம் நொறுங்கிச் சேறாகும்.

எவ்வளவு வாங்குவது? தொட்டியின் நீளம், அகலம், மணலின் ஆழம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் வரும். அதை 1.6-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய கிலோ. 120-க்கு 45 தொட்டியில் நான்கு சென்டிமீட்டர் போட 21.6 லிட்டர், அதாவது 35 கிலோ.

போடும் வரிசையில்தான் பெரிய விபத்து ஒளிந்திருக்கிறது. மணலைப் பரப்பிவிட்டு அதன்மேல் பாறை அடுக்கினால், மீன் அடியில் பறிக்கப் பறிக்கப் பாறை சாயும். மீன் நசுங்கும், கண்ணாடியும் உடையும். முதலில் வெறும் கண்ணாடிமேல் மெல்லிய பிளாஸ்டிக் தகடு, அதன்மேல் ஆடாமல் உட்காரும்படி பாறை, பிறகு சுற்றிலும் மணல். மணலை வாளியில் கால்பங்குக்கு மேல் போடாமல், கையை விட்டுக் கிளறி, வடியும் நீர் தெளியும்வரை அலசுங்கள். சோப்பு கூடவே கூடாது. தொட்டியை நிரப்பும்போது தண்ணீரை ஒரு தட்டின்மேல் ஊற்றினால் குழி விழாது. கலங்கல் அடங்கும்வரை ஃபில்டரை ஓட்டாதீர்கள், மணல் உள்ளே போனால் மோட்டாரின் சுழலியைத் தேய்த்துவிடும். ஃபில்டரின் உறிஞ்சு குழாய் முனை மணலிலிருந்து பத்து சென்டிமீட்டராவது மேலே இருக்கட்டும்.

ஆழம் கூடிய இடத்தில், முக்கியமாக மீன் தோண்ட முடியாத பாறை ஓரங்களில், காற்றில்லாமல் மணல் கறுத்து அழுகிய முட்டை நாற்றம் வரும். தண்ணீர் மாற்றும்போது அந்த ஓரங்களை மட்டும் ஒரு குச்சியால் சிறிது சிறிதாகக் கிளறி, கிளம்பும் அழுக்கை உடனே உறிஞ்சிவிடுங்கள். மற்ற இடங்களில் அழுக்கு உறிஞ்சும் குழாயை மணலுக்கு இரண்டு சென்டிமீட்டர் மேலே சுழற்றினால் போதும்.

நிறத்துக்கு வந்தால், பளீர் வெள்ளையில் பல சிக்லிட்கள் தரைக்கு ஏற்பத் தாமும் வெளிறிப்போகும். மங்கிய பழுப்பு மணலில் நீலமும் மஞ்சளும் நன்றாக எடுபடும்.

ஏற்கெனவே மீன் இருக்கும் தொட்டியில் மணலை மாற்றுவதானால் ஒரே நாளில் செய்யாதீர்கள். அழுக்கைச் சீராக்கும் பாக்டீரியாவில் ஒரு பங்கு அந்த மணலில்தான் இருக்கிறது. வாரத்துக்கு மூன்றில் ஒரு பங்காக எடுத்து, அந்த நாட்களில் ஃபில்டரைக் கழுவாமல் விட்டு, தினமும் அம்மோனியா சோதித்துக்கொண்டு வாருங்கள். பிஎச் கூடிய நீரில் அம்மோனியாவின் நஞ்சும் கூடும், ஆப்பிரிக்க ஏரி மீன் வைத்திருப்பவர்களுக்கு இதில் சலுகையே கிடையாது.