கெடிலக் கரையில் ஒரு விடியற்காலை

எட்டாம் சுற்று மருந்து ஏறிப் பதினோரு நாள்கள் ஆகியிருந்த ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில், பண்ருட்டியை ஒட்டிய திருவதிகையில், வீரட்டானேசுவரர் கோயிலின் கோபுர வாசலில் அக்காவின் தோளைப் பற்றிக்கொண்டு நின்றேன். செருப்பைக் கழற்றிய பாதங்களுக்குக் கல் தரை தெரியவில்லை. கண்ணால் பார்த்துத்தான் காலை எடுத்து வைக்க வேண்டும் என்ற நிலை வந்து இரண்டு மாதங்கள் ஆகிவிட்டன. "மெதுவா வா. கீழே பார்த்து நட, நான் பிடிச்சிருக்கேன்" என்றாள் அக்கா.

சுந்தரமூர்த்தி நாயனார் இந்த ஊருக்கு வந்தபோது, அப்பர் பெருமான் தம் கையால் உழவாரத் தொண்டு செய்த மண்ணைக் காலால் மிதிக்க அஞ்சி, ஊருக்குள் நுழையாமல் வெளியே சித்தவடமடத்தில் தங்கினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. அவர் மிதிக்கத் தயங்கிய மண்ணில், மிதிப்பதே தெரியாத கால்களோடு நான் நடக்கிறேன் என்ற நினைவு வந்ததும் ஒரு கணம் நின்றுவிட்டேன். அக்கா என்னவோ ஏதோ என்று பயந்துபோனாள்.

நான் நாற்பது ஆண்டுகளாக வீணை வாசிப்பவள். சென்ற ஆண்டு பெருங்குடலில் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்தபின், இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாகப் பன்னிரண்டு சுற்றுகள் கீமோதெரபி என்று முடிவாயிற்று. அதில் ஏற்றப்படும் மருந்துகளில் ஒன்றான ஆக்சாலிபிளாட்டின், நோயை அடக்கும்போதே கை கால் நுனி நரம்புகளையும் தாக்கக்கூடியது. ஏற்றிய முதல் சில நாள்களில் குளிர்ந்த பொருள் எதைத் தொட்டாலும் சுரீரென்று மின்சாரம் பாய்வதுபோல் இருக்கும். சுற்றுகள் கூடக் கூட விரல் நுனிகள் மரத்துப்போகும். மற்றவர்களுக்கு இது பொத்தான் போடுவதற்கும் பேனா பிடிப்பதற்கும் வரும் இடைஞ்சல். வீணைக்காரிக்கு அதோடு நிற்பதில்லை. தந்தியை அழுத்திப் பிடிக்க மெழுகில் பதித்த 24 மெட்டுகளும் வெண்கலம், மேலே ஓடும் தந்திகளும் உலோகம். விடிகாலையில் அவற்றைத் தொட்டால் எவருக்குமே சில்லிடும். என் இடது கையின் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் சிறுவயது முதல் தந்தி பதிந்து பதிந்து விழுந்த கோடுகள் உண்டு. அந்தக் கோடுகள் அப்படியே இருக்கின்றன. அவற்றில் தந்தி படுவதுதான் இப்போது தெரிவதில்லை.

வீணையில் கமகம் என்பது பெரும்பாலும் தந்தியை மெட்டின்மீதே பக்கவாட்டில் இழுத்து எடுப்பது. எவ்வளவு இழுத்தால் எந்தச் சுவரம் பேசும் என்பதை விரல்தான் அறியும்; காது பிறகு வந்து சரிபார்க்கும். நான்காம் சுற்று முடிந்து ஒரு மாலையில் தோடி இராகத்தை எடுத்தேன். தோடிக்கு உயிர் காந்தாரம் என்னும் 'க' சுவரத்தில் இருக்கிறது, அந்தக் காந்தாரத்துக்கு உயிர் அதன் அசைவில் இருக்கிறது. அன்றைக்கு அது அசையவில்லை, தடுமாறியது. உறையைப் போட்டு மூடி வைத்தேன். அழக்கூட இல்லை என்பதுதான் அன்று என்னைப் பயமுறுத்தியது.

திருவதிகைக்கு வர வேண்டும் என்ற எண்ணம் மருத்துவமனைக் கட்டிலிலேயே தோன்றியது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் நான்காம் நாள் அக்கா படித்துக் காட்டிய பதிகம், அப்பர் இந்தத் தலத்தில் பாடிய 'கூற்றாயினவாறு விலக்ககிலீர்'. குழந்தையிலிருந்து தெரிந்த பாட்டு. ஆனால் 'தோற்றாதென் வயிற்றின் அகம்படியே குடரோடு துடக்கி முடக்கியிட' என்ற அடி வந்தபோது, என் வயிற்றுக்குள் நடப்பதை இவ்வளவு துல்லியமாக இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை என்று தோன்றியது. ஸ்கேன் அறிக்கையில் அளவு இருந்தது, இடம் இருந்தது. குடரோடு கட்டி முடக்கிப் போடுகிற அந்த வலி, ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒருவரின் பாட்டில்தான் இருந்தது.

அப்பர் வரலாறு தெரிந்ததே. திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார், பெற்றோரை இழந்து, சமணம் சார்ந்து தருமசேனர் என்ற பெயரோடு பாடலி என்ற ஊரில் இருந்தபோது சூலை என்னும் கடும் வயிற்று நோய் வந்தது. அங்கிருந்தவர்களின் மந்திரமும் மருந்தும் பலிக்காமல், இரவோடு இரவாகத் தமக்கை திலகவதியாரைத் தேடி இந்த அதிகைக்கு வந்தார். அம்மையார் திருநீறு கொடுத்து, கோயிலைக் கூட்டவும் மெழுகவும் தாம் போகிற வைகறை வேளையில் தம்பியையும் உடன் அழைத்துப் போனார். நோயாளியை வீட்டில் படுக்க வைத்துவிட்டுத் தொண்டுக்குப் போகவில்லை. தொண்டை விட்டுவிட்டு நோயாளியோடு உட்கார்ந்திருக்கவும் இல்லை. இரண்டையும் ஒரே நடையில் சேர்த்துக்கொண்ட அந்த அக்காவை நினைத்தபோது, என்னைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டிருந்தவளை ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். அவள் கோபுர வாயிலின் உட்புறத்தில் செதுக்கியிருந்த நாட்டியக் கரணச் சிற்பங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிவபெருமானின் வீரச் செயல்களுக்குரிய எட்டுத் தலங்களான அட்ட வீரட்டானங்களில் திரிபுரம் எரித்த தலம் இது. கருவறை விமானமே தேர்போல எழுந்து நிற்கிறது. மூலவர் பதினாறு பட்டைகள் கொண்ட பெரிய இலிங்கத் திருமேனி. தீபாராதனையின்போது குருக்கள் தட்டை வலமாகச் சுற்ற, வெளிச்சம் ஒரு பட்டையிலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போனது. ஒன்று இருளும்போது பக்கத்தில் இன்னொன்று எழுந்தது. மெட்டு மெட்டாக விரல் நகர்வதுபோல என்று நினைத்தேன். நோய் வந்தபின் வீணையை நினைத்தபோதெல்லாம் நெஞ்சு அடைக்கும். அந்தச் சன்னிதியில்தான் முதன்முறையாக அடைக்காமல் நினைத்தேன்.

திருநீறு உள்ளங்கையில் விழுந்தது. வெள்ளையாகத் தெரிகிறது, விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு முறை எடுக்கப் பார்த்தேன், இரண்டு முறையும் விரலிடுக்கில் சிந்தியது. அக்கா ஒன்றும் சொல்லாமல் என் கையிலிருந்தே எடுத்து என் நெற்றியில் பூசிவிட்டாள்.

அப்பர் சன்னிதியையும் திலகவதியார் சன்னிதியையும் வணங்கிவிட்டு மண்டபத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோது ஓதுவார் பாடத் தொடங்கினார். அதே பதிகம். கொல்லிப் பண், ஓதுவார் மரபில் இன்று நவரோஜ் இராகத்தில் பாடுகிறார்கள். வயதான குரல், சுருதிக்கு ஒரு சிறு பெட்டி, வேறு எதுவும் இல்லை. ஆறாவது பாடலில் அவர் நிதானப்பட்டார்.

சலம்பூவொடு தூபம் மறந்தறியேன்
தமிழோடிசை பாடல் மறந்தறியேன்
நலந்தீங்கிலும் உன்னை மறந்தறியேன்
உன்னாமம் என்நாவில் மறந்தறியேன்

இந்த அடிகளைப் பற்றி எனக்கு நெடுநாள் ஐயம் ஒன்று உண்டு. எத்தனையோ ஆண்டுகள் வேறு நெறியில் இருந்துவிட்டு, நேற்றிரவு திரும்பி வந்தவர், பூவையும் தூபத்தையும் பாட்டையும் நான் மறந்ததே இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? உரைகாரர்கள் பலவாறு விளக்கம் சொல்வார்கள். அன்று தூணில் சாய்ந்திருந்தபோது எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. இரண்டு மாதமாக வீணையைத் தொடாதவள் நான். அந்த இரண்டு மாதத்தில், மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும் அறையில், தூக்கம் வராத இரவுகளில், வாந்தி எடுத்து நிமிர்ந்த மறு கணத்தில்கூட உள்ளே ஏதோ ஓர் இராகம் ஓடிக்கொண்டேதான் இருந்தது. கை விட்டிருந்ததை நான் விட்டிருக்கவில்லை. அவர் பொய் சொல்லவில்லை என்பதை என் உடம்பே எனக்குச் சொல்லிற்று.

இந்தப் பதிகத்தை ஓதினால் வயிற்று நோய் தீரும் என்று பாராயணம் செய்பவர்கள் பலர். அந்த நம்பிக்கையோடு நானும் ஓதுகிறேன். ஆனாலும் என்னைப் பற்றிக்கொண்டது வேறொன்று. இதைப் பாடத் தொடங்கிய நேரத்தில் அவருக்கு வலி தீர்ந்திருக்கவில்லை. ஆற்றேன் என்று சொல்லிக்கொண்டே, சந்தம் தவறாமல், எதுகை பிசகாமல் பாடுகிறார். தேவாரத்தில் அவர் பாடியனவற்றுள் முதலாவதாக வைக்கப்பட்டிருக்கும் பதிகம், உடம்பு சரியாகட்டும் என்று காத்திருக்கவில்லை. நான் காத்திருந்தேன். பன்னிரண்டு சுற்றும் முடியட்டும், விரல் திரும்பி வரட்டும், பிறகு வாசிக்கலாம் என்று.

அப்போதுதான் என் இடது கை மடியில் தானாக அசைவதைக் கவனித்தேன். ஓதுவாரோடு கூடவே அது மெட்டுகளைத் தேடிக்கொண்டிருந்தது. நவரோஜ் விரிந்த இராகம் அல்ல. கீழ்ஸ்தாயி 'ப' ஆன மந்தர பஞ்சமத்தில் தொடங்கி, நடுஸ்தாயி 'ப' ஆன மத்திய பஞ்சமத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் ஏறாது. சங்கராபரணத்தின் சுவரங்களே, ஆனால் தாலாட்டுக்குரிய ஒரு சிறு வட்டம். வீணையில் அது எங்கே விழுகிறது என்று மனத்துக்குள் வைத்துப் பார்த்தேன். மந்தர பஞ்சமம் இரண்டாம் தந்தியின் திறந்த ஒலி. 'ச' ஆகிய ஷட்ஜம் முதல் தந்தியான சாரணியின் திறந்த ஒலி. இந்த இரண்டுக்கும் இடது கை விரலே வேண்டியதில்லை. வலது கை மீட்டினால் போதும். மற்றச் சுவரங்கள் எல்லாம் முதல் ஏழு மெட்டுகளுக்குள் அடங்கிவிடுகின்றன. இழுத்துப் பிடிக்க வேண்டிய பெரிய கமகங்களும் இல்லை. மரத்துப்போன இரண்டு விரல்களால் வாசிக்கக்கூடிய ஓர் இராகம், நாற்பது ஆண்டுகளாக என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது. கச்சேரியில் சிறு உருப்படிக்கு மட்டும் எடுத்துக்கொண்டு அதைக் கடந்து போயிருக்கிறேன். கண்ணீர் அப்போதுதான் வந்தது. அக்கா பதறவில்லை, புடவைத் தலைப்பைக் கொடுத்தாள்.

தில்லையில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகள் சோழ மன்னர் காலத்தில் வெளிப்பட்டபோது, பாட்டு கிடைத்தும் பண் தெரியாமல் நின்றார்கள் என்றும், எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்தான் பண்முறைகளை வகுத்துக் கொடுத்தார் என்றும் திருமுறை கண்ட புராணம் கூறும். அந்த அம்மையாரின் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. நரம்புக் கருவியை மடியில் வைத்து வாழும் பெண்கள் எல்லோருக்கும் அவர் பாட்டி முறை என்பது என் எண்ணம். அன்று அவருக்கும் ஒரு கும்பிடு போட்டேன்.

திரும்பும் வழியில் கெடில ஆற்றைப் பார்த்தபடி, அக்கா பெரியபுராணத்தில் ஓர் இடத்தை நினைவுபடுத்தினாள். நோய் நீங்கியதும் அப்பர், இந்த வாழ்வைப் பெறத் தந்த சூலைக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன் என்று தொழுததாகச் சேக்கிழார் பாடுகிறார். 'இவ்வாழ்வு பெறத்தரு சூலையினுக்கு எதிர்செய்குறை என்கொல்' என்பது அந்த அடி. வலியைத் தந்த நோயையே கும்பிடுகிற நன்றி.

"உன்னால அப்படிச் சொல்ல முடியுமா?" என்று கேட்டாள்.

முடியாது என்றேன். சன்னிதியிலிருந்து வந்த வாயால் பொய் சொல்லக் கூடாது. இந்த நோய்க்கு நான் நன்றி சொல்லமாட்டேன். அப்பர் பெருமான் நின்ற இடம் அது, நான் அங்கே போய்ச் சேரவில்லை. ஆனால் இரண்டு திறந்த தந்திகளுக்கு, ஏழு மெட்டுகளுக்கு, அந்த ஓதுவாரின் மூச்சுக்கு, என் கையிலிருந்து திருநீறு எடுத்து எனக்கே பூசிவிட்ட விரல்களுக்குச் சொல்ல முடியும். சொன்னேன். கடைசியாகச் சொன்னதைக் கேட்டு அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று மாலை வீணையின் உறையைக் கழற்றினோம். அக்கா ஒரு துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மெழுகில் ஈரமோ சூடோ அதிகம் படாதபடி இன்னொரு துணிக்குள் சுற்றி, முதல் ஏழு மெட்டுகளின்மேல் சற்று நேரம் போட்டு வைத்தாள். சில்லிப்பு போயிற்று. முதல் ஏழு மெட்டுகள் யாளி முகத்தின் பக்கம் இருப்பவை; அவற்றுக்கு இடது கையை நீட்ட வேண்டும், நீட்டும்போது வயிற்றுத் தழும்பு இழுக்கும். இழுத்தது. தந்தி விரலில் படுவது தெரியாததால் சுவரம் சரியான இடத்தில் நிற்கிறதா என்பதைக் காதுதான் சொல்ல வேண்டியிருந்தது. இத்தனை ஆண்டுகளில் நான் என் வாசிப்பை இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் அதே ஏழு மெட்டுகளில் உட்கார்ந்திருந்தேன். ஒரு சிறு உருப்படி உருவாகத் தொடங்கியது. ஆதி தாளம், மெதுவான சௌக்க காலம். ஒவ்வோர் ஆவர்த்தனமும், அதாவது தாளத்தின் ஒவ்வொரு முழுச் சுற்றும், மந்தர பஞ்சமத்துக்கு இறங்கி வந்து திறந்த தந்தியில் முடிகிறது. அந்த ஒலி நீளும் நேரத்தில் இடது கை மடியில் இளைப்பாறலாம். என் உடம்பு கேட்ட இடைவெளி அது; இராகத்துக்கும் அது பொருந்தியே இருக்கிறது. இதுவரை பிறர் இயற்றியதை மட்டுமே வாசித்தவள் நான். சொந்தமாக ஒரு வரி எழுதியதில்லை.

திங்கட்கிழமை ஒன்பதாம் சுற்று. மருத்துவமனைக்கு எடுத்துப் போகும் பையில் கையுறைகளோடும் வெந்நீர்க் குடுவையோடும் சுவரம் எழுதிய நோட்டையும் அக்கா எடுத்து வைத்திருக்கிறாள். இரண்டு ஆவர்த்தனங்கள் முடிந்திருக்கின்றன. மூன்றாவது 'ம' ஆகிய மத்தியமத்தில் நிற்கிறது. அங்கிருந்து பஞ்சமத்தைத் தொட்டுவிட்டு இறங்குவதா, தொடாமலே இறங்குவதா என்பதை மருந்து இறங்கும் அந்த நான்கைந்து மணி நேரத்தில் பாடிப் பார்க்க வேண்டும்.