தாடையில் எடுத்து தாடையில் வைத்தது

பிப்ரவரி 3

இன்று வந்த நோயாளிக்கு மேல் முன்பல் ஒன்று போய் மூன்று வருடம் ஆகிறதாம். ஸ்கேனில் அந்த இடத்து எலும்பின் அகலம் வெறும் 3 மி.மீ. செயற்கைப் பல்லுக்கு வேராகப் பதிக்கும் இம்ப்ளான்டைச் சுற்றிலும் எலும்பு வேண்டுமே, இதில் எங்கே நிற்கும்? அவருடைய எலும்பையே வெட்டி எடுத்து வைப்பது என்று முடிவாயிற்று. பாட்டிலில் வரும் எலும்புத் தூள் பெரும்பாலும் சாரம் கட்டிக் கொடுப்பதோடு சரி. சொந்த எலும்பில் உயிருள்ள செல்லும் வளர்ச்சியைத் தூண்டும் புரதமும் சேர்ந்தே வரும்.

முகவாயிலிருந்து எடுக்கலாமா என்று, எனக்குச் சொல்லிக்கொடுக்கும் மேடத்திடம் கேட்டேன். கை எட்டும், பஞ்சு எலும்பும் கிடைக்கும். "கீழ்ப்பல்லெல்லாம் மரத்துப்போச்சுன்னு வந்து நின்னா நீ பதில் சொல்வியா?" என்றார் மேடம். வேர் நுனியிலிருந்து 5 மி.மீ. தள்ளி வெட்டினாலும் அப்படி ஆவதுண்டு. சரி, கடைவாய்க்குப் பின்னால், கீழ்த்தாடை மேல்நோக்கி ஏறும் ரேமஸில் எடுப்போம். நரம்பு ஓடும் கால்வாய் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று ஸ்கேனில் மூன்று முறை அளந்தேன்.

பிப்ரவரி 9

முதலில் திறந்தது முன்பக்கத்தைத்தான். குழி எவ்வளவு என்று தெரிந்த பிறகுதான் எடுக்கும் இடத்தில் கத்தி வைக்க வேண்டும்.

நுண்ணதிர்வால் எலும்பை அறுக்கும் பியெஸோவில் வெட்டினோம். மெதுவாகத்தான் போகும், ஆனால் மென்திசுவைச் சட்டென்று கிழிக்காது. சலைன் விடாமல் ஓட வேண்டும்; 47 டிகிரி சூடு ஒரு நிமிடம் பட்டாலே எலும்பு கெட்டுவிடும். மேலே, முன்னே, பின்னே மூன்று வெட்டு. அடிவெட்டு மட்டும் ஆழமில்லாத கீறல். உளியை வெளிப்பரப்புக்கு இணையாக வைத்துத் தட்டச் சொன்னார். நாலாவது தட்டில் சத்தம் மாறியது, கட்டையாக இருந்தது "டக்" என்று ஆனது. எலும்புத் துண்டு, அதாவது பிளாக், கையில்.

அதைக் கொண்டுபோய் உலர்ந்த காஸ் துணியில் வைத்தேன். "காயவைக்கவா எடுத்தோம்?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். உடனே சலைனுக்குப் போனது. அப்புறம் ஓரங்களை மழுக்கி முன்பல் இடத்தில் பொருத்தி, சுழலாமல் இருக்க இரண்டு ஸ்க்ரூ. இடுக்குகளில் சுரண்டி எடுத்த எலும்புத் துகள். ரத்தத்தோடு கலந்ததும் அது ஈர மணல் மாதிரி பிடித்துக்கொண்டது. ஈறு இழுபடாமல் மூடவே அரை மணி நேரம்.

பிப்ரவரி 19

தையல் பிரித்தாயிற்று. வாய் இரண்டு விரல் அளவுதான் திறக்கிறது. அந்த நரம்பு தப்பியதா என்று உதட்டில் பஞ்சால் தொட்டுப் பார்த்தேன், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உணர்வு. எனக்குத்தான் அவரைவிட நிம்மதி.

ஜூன் 22

திரும்பத் திறந்தோம். அன்று எலும்போடு சமமாக இருந்த ஸ்க்ரூத் தலைகள் இன்று கொஞ்சம் துருத்திக்கொண்டு நின்றன. அவ்வளவு கரைந்திருக்கிறது. மிச்சம் போதும். ஸ்க்ரூவைக் கழற்றி டிரில்லை வைத்தேன். உயிரில்லாத எலும்பின் வெள்ளைத் தூள் வரப்போகிறதோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ரத்தம் கசிந்தது. "ம், போடு" என்றார் மேடம்.